ஒருதடவைக் கையுறை: வன்னி வேலைத்தளங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரந்தன் சந்திக் கராஜிலும் முல்லைத்தீவுக் கரையோர மீன்வாடியிலும் முறிகண்டிச் சாப்பாட்டுக்கடையிலும் இப்போது ஒரே நீலப் பெட்டிதான் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் வந்து அப்படியே தங்கிவிட்ட பெட்டி. ஆனால் ஓர் இடத்தில் கையில் படுவது ஒயில், மற்ற இடத்தில் மீன்முள், மூன்றாவது இடத்தில் சோறு. மூன்றையும் ஒரே கையுறை தாங்காது. ஒருதடவைக் கையுறை என்று இங்கே சொல்வது, ஒரு வேலைக்குப் போட்டுக் கழற்றி எறிகிற மெல்லிய கையுறையைத்தான். கழுவித் தொங்கவிடுகிற தடித்த றப்பர் கையுறை வேறு. அது எங்கே வேண்டும் என்பதும் கீழே வரும்.

நீல நிறம் என்றால் நைற்றைல்தானே?

இல்லை. நைற்றைல் என்பது ஒருவகைச் செயற்கை றப்பர், நிறம் வெறும் சாயம். வைனைல் என்ற பிளாஸ்ரிக் கையுறையையும் நீலத்தில் செய்கிறார்கள். நைற்றைல் கறுப்பிலும் வெள்ளையிலும் செம்மஞ்சளிலும் வருகிறது. பெட்டியில் மூலப்பொருள் என்னவென்று எழுதியிருக்கும், அதை வாசியுங்கள். எழுதாத பெட்டியை வாங்கவேண்டாம்.

உதிரியாகக் கையில் கிடைத்தால் இழுத்துப் பாருங்கள். லேற்றெக்ஸ், அதாவது இயற்கை றப்பர், பலூன்போல நீண்டு சட்டென்று பழைய அளவுக்கு வரும். நைற்றைல் கொஞ்சம் முரண்டு பிடித்துத்தான் நீளும், பிறகு கைச்சூட்டில் கைக்கு அமைந்துவிடும். வைனைல் அதிகம் நீளாது, மணிக்கட்டில் தொளதொளவென்று நிற்கும். கசக்கினால் சரசரக்கிற, இரண்டு தாளை ஓரத்தில் ஒட்டியதுபோல இருப்பது பொலித்தீன். 'வைனைல் நைற்றைல் கலவை' என்று மலிவாக வருவதை வைனைலாகவே கணக்கெடுங்கள்.

அப்படியென்றால் எந்த வேலைக்கு எதை எடுப்பது?

விலையையும் நிறத்தையும் விட்டுவிட்டு, கையில் என்ன படப்போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒயில், கிறீஸ், டீசல், எண்ணெய்ப்பிடிப்பான சாப்பாடு, இரத்தம், கழுவும் திரவங்கள் என்றால் நைற்றைல். வன்னியில் ஒரேயொரு வகையைத்தான் வாங்கி வைக்கமுடியும் என்றால் இதைத்தான் சொல்வோம். குத்தினால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாங்கும். ஓட்டை விழுந்தால் சிறிதாக நிற்காமல் கிழிந்து காட்டிக்கொடுக்கும். அதுவும் ஒரு நன்மைதான்.

லேற்றெக்ஸ் விரலுணர்ச்சிக்கு நல்லது, தண்ணீரும் இரத்தமும் சம்பந்தப்பட்ட வேலைக்கு உதவும். ஆனால் பெற்றோலும் ஒயிலும் பட்டால் ஊதிப் பிசுபிசுத்துப் பலமிழந்துவிடும். கைக்குத் தேங்காயெண்ணெய் அல்லது வசலின் தடவிவிட்டு அதன்மேல் லேற்றெக்ஸ் போட்டாலும் உள்ளிருந்தே இதுதான் நடக்கும்.

வைனைல் குறுகிய, லேசான வேலைக்கு மட்டும்: மேசை துடைக்க, காய்ந்த சாமான் எடுக்க. விரலை மடக்கி நீட்டி வேலை செய்யச் செய்ய அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். பொலித்தீன் இன்னும் குறைவு. பாணை எடுத்துப் பையில் போடுகிற அரை நிமிட வேலைக்குச் சரி, அதற்கு மேல் இல்லை.

எவ்வளவு தடிப்பு வேண்டும்?

பெட்டியில் 'மில்' என்று போட்டிருப்பது மில்லிமீற்றர் அல்ல. 1 மில் என்பது சுமார் 0.025 மில்லிமீற்றர். பார்மசியில் கிடைப்பவை பெரும்பாலும் 3 அல்லது 4 மில், அதாவது 0.1 மில்லிமீற்றர் அளவு. சாப்பாட்டு வேலைக்கும் காயம் கட்டுவதற்கும் அது போதும். கராஜுக்கு 6 முதல் 8 மில் வரை எடுங்கள், விரல்நுனியில் சொரசொரப்பு உள்ளதாக. நட் கழற்றும்போது வழுக்காது. தடிப்பு இரட்டித்தால் கிழிவது குறையும், ஆனால் தவறான பொருளுக்குத் தடிப்பு மருந்தாகாது. வைனைலை எவ்வளவு தடிப்பாக எடுத்தாலும் அது தின்னருக்கு ஆகாது.

பெட்டியில் உள்ள குறிகளுக்கு என்ன அர்த்தம்?

ஐந்து விடயத்தைப் பார்த்தால் போதும்.

ஏகியூஎல் என்ற எண், மாதிரி எடுத்துச் சோதிக்கும்போது எத்தனை வீதம் பழுது வரை ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் காட்டும். கையுறைக்குள் 1 லீற்றர் தண்ணீர் விட்டுத் தொங்கவைத்து ஒழுகுகிறதா என்று பார்ப்பதே சோதனை. 1.5 என்றால் நல்லது, 2.5 ஓரளவு, 4 என்றால் துப்புரவு வேலைக்கு மட்டும். 1.5 உள்ள பெட்டியிலும் 100க்கு ஒன்றிரண்டு ஓட்டைக் கையுறை இருக்க இடமுண்டு. போடமுதல் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

கண்ணாடிக் குவளையும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த படம் இருந்தால் சாப்பாட்டில் படலாம் என்று அர்த்தம். ஈஎன் 455 என்ற ஐரோப்பியத் தர எண் இருந்தால் மருத்துவப் பாவனைக்கானது. ஈஎன் ஐஎஸ்ஓ 374 என்ற எண்ணோடு குடுவைப் படம் இருந்தால் இரசாயனத்துக்குச் சோதித்தது. அந்தப் படத்தின் கீழுள்ள ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு இரசாயனம்: 'கே' 40 வீதக் கோஸ்டிக் சோடா, 'எஃப்' தொலுயீன், 'எல்' கடும் கந்தக அமிலம். மெல்லிய நைற்றைலில் 'கே' அடிக்கடி இருக்கும், 'எஃப்' இருக்காது. தின்னரில் தொலுயீன் இருப்பது வழமை, ஆகவே அந்த எழுத்து இல்லாத கையுறை தின்னர் வேலைக்கு உறுதி கொடுக்கவில்லை என்று எடுங்கள்.

கடைசியாக, உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும்.

சைஸ் எப்படிப் பார்ப்பது?

அதிகம் பாவிக்கிற கையின் உள்ளங்கையைச் சுற்றி, பெருவிரலை விட்டுவிட்டு, விரல் அடி மொழிகளுக்கு மேலாக அளவுநாடாவைச் சுற்றுங்கள். 7 முதல் 8 அங்குலம் வரை சிறியது, 8 முதல் 9 வரை நடுத்தரம், 9 முதல் 10 வரை பெரியது. முதலாளிமார் பெரிய சைஸை மட்டும் வாங்கி 'எல்லாருக்கும் பிடிக்கும்' என்று வைப்பதுண்டு. சமையற்கட்டில் வேலை செய்கிற பெண்கள் அநேகருக்கு அது பெரிது. விரல்நுனியில் மிஞ்சுகிற அரை அங்குலம்தான் கத்தியோடு வெட்டுப்பட்டு மரக்கறிக்குள் போகிறது. சிறிதாக இருந்தாலோ பெருவிரல் கவட்டில் கிழியும், கை விறைக்கும்.

போடும்போது என்ன கவனிக்கவேண்டும்?

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றுங்கள். நகத்தை வெட்டுங்கள். சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். ஈரக்கையில் கையுறை ஏறாது. இழுக்க இழுக்கக் கிழியும், ஏறினாலும் உள்ளே தோல் ஊறும். சனிடைசர் பூசினால் அது முற்றாகக் காயும்வரை பொறுங்கள்.

பெட்டியிலிருந்து விளிம்பில் பிடித்து ஒன்றொன்றாக எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து விரல் இடுக்குகளைப் பாருங்கள். விளிம்பைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து விரல்களை அமுக்கினால் ஓட்டை தெரியும். வாயால் ஊதவேண்டாம், ஊதிய கையுறையால் சோறு போடுவதும் எச்சில் கையால் போடுவதும் ஒன்றுதான்.

கழற்றுவதற்கு முறை இருக்கிறதா?

இருக்கிறது. இதைத்தான் அநேகர் பிழையாகச் செய்கிறார்கள். விரல்நுனியைப் பல்லால் கடித்து இழுப்பவர்களும் உண்டு.

வலக்கை விரல்களால் இடக்கையுறையின் வெளிப்பக்கத்தை, மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கைப் பக்கமாகக் கிள்ளிப் பிடியுங்கள். தோலில் படக்கூடாது. அப்படியே விரல்நுனிப் பக்கம் இழுங்கள், உட்புறம் வெளியே வந்து உரியும். உரிந்ததை வலக்கைக்குள் பந்துபோலச் சுருட்டிப் பிடியுங்கள். இனி வெறுங்கையாக இருக்கும் இடக்கையின் இரண்டு விரலை வலக்கையுறையின் விளிம்புக்கு உள்ளே, தோலுக்கும் கையுறைக்கும் நடுவே விடுங்கள். வெளிப்பக்கத்தைத் தொடாமல் உரித்து இழுங்கள். முதல் பந்து இரண்டாவதின் உள்ளே அகப்பட்டுவிடும், அழுக்கு முழுவதும் உள்ளே, சுத்தமான பக்கம் வெளியே. குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.

பழக்குவதற்கு நல்ல வழி: கையுறை போட்ட கையில் மஞ்சள்தூள் குழம்பைப் பூசிக் கழற்றச் சொல்லுங்கள். விரலிலோ மணிக்கட்டிலோ மஞ்சள் ஒட்டினால் திரும்பவும். ஐந்தாறு தரத்துக்குள் எல்லாருக்கும் வந்துவிடும்.

ஒரு சோடி எவ்வளவு நேரம் தாங்கும்?

கிழிந்தால் உடனே. வேலை மாறினால் உடனே. உள்ளே ஈரம் தெரிந்தால் உடனே. பச்சை இறைச்சியிலிருந்து சலாட்டுக்குப் போகும்போது, ஒரு நோயாளியிலிருந்து மற்றவருக்குப் போகும்போது, மூக்கை, தலைமயிரை, போனைத் தொட்டபின் மாற்றவேண்டும். எதுவும் நடக்காமல் ஒரே சாப்பாட்டு வேலையைத் தொடர்ந்து செய்தாலும் 4 மணித்தியாலம் கடைசி எல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே விரலுக்குள் வியர்வை தேங்கும். அந்த நேரத்தில் மணிக்கூட்டைப் பார்க்காமல் கையைப் பாருங்கள்.

கழுவித் திரும்பப் பாவிக்கலாமோ? விலை அப்படி.

விலை விளங்குகிறது, ஆனாலும் கூடாது. கழுவும்போது சவர்க்காரமும் ஸ்பிரிற்றும் கையுறையை மென்மையாக்கும், உள்ளே தண்ணீர் போகும், காணாத ஓட்டைகள் பெருகும். உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போடுவது இன்னும் மோசம். அழுக்கை நேரே தோலில் ஒட்டவைக்கிறோம். செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது, அதைக் கீழே கணக்கோடு சொல்கிறோம்.

சாப்பாட்டுக்கடையில் கையுறை போட்டால் கை கழுவத் தேவையில்லைத்தானே?

வன்னியில் ஏ9 வீதியோரம் கண்ணால் காணும் காட்சி: கையுறை போட்ட கை வடையை எடுக்கிறது, அதே கை காசை வாங்கி மிச்சம் கொடுக்கிறது, கல்லாவை மூடுகிறது, வியர்வையைத் துடைக்கிறது, திரும்ப வடையை எடுக்கிறது. வெறுங்கை என்றால் பிசுபிசுப்புத் தெரியும், கழுவத் தோன்றும். கையுறைக்குள் இருக்கும் கைக்கு அந்த உணர்ச்சி இல்லை. ஆகவே ஒழுங்கில்லாத கையுறை, ஒழுங்காகக் கழுவிய வெறுங்கையைவிடக் கேவலம்.

காசு வாங்குபவர் ஒருவர், சாப்பாடு தொடுபவர் வேறொருவர் என்று பிரியுங்கள். ஆள் இல்லையென்றால் கையுறையை விட்டுவிட்டு இடுக்கியும் அகப்பையும் பாவியுங்கள். கச்சான் விற்பவர் ஒரு சின்னக் கோப்பையால் அள்ளிப் பையில் கொட்டினால் கையுறையே தேவையில்லை.

சூடான சாப்பாட்டுக்குச் சமைத்து முடியும்வரை கையுறை வேண்டாம். கொத்துரொட்டித் தட்டு 200 பாகைக்கு மேல் போகும். பொலித்தீன் அதன் பாதிச் சூட்டிலேயே உருகத் தொடங்கும். உருகித் தோலில் ஒட்டினால் வெறும் சூட்டுக்காயத்தைவிட ஆழமாகப் போகும். அடுப்படியில் துணிதான்.

எண்ணெய்ப் பலகாரத்துக்கு வைனைல் வேண்டாம். வைனைலை மென்மையாக்கச் சேர்க்கிற பிளாஸ்ரிசைசர் கொழுப்பில் கரைந்து சாப்பாட்டுக்குள் போகும். டீஈஎச்பி என்ற பிளாஸ்ரிசைசர் உள்ள வைனைல் கையுறையைச் சாப்பாட்டு வேலைக்குப் பாவிக்கவேண்டாம் என்று ஜப்பான் 2000ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

விரலில் வெட்டுக்காயம் இருந்தால் முதலில் தண்ணீர் புகாத பிளாஸ்ரர், அதன்மேல் கையுறை. நீல நிறக் கையுறைக்கு இங்கேதான் உண்மையான பயன்: நீலத்தில் சாப்பாடு இல்லை, துண்டு கிழிந்து விழுந்தால் கண்ணில் படும்.

கராஜில் பெற்றோல், தின்னர், பற்றரி அமிலம்?

ஒயில், கிறீஸ், டீசலுக்கு 6 மில் நைற்றைல் நல்லாகத் தாங்கும். பெற்றோல் தெறித்தால் தாங்கும். பெற்றோலில் பாட்ஸ் கழுவக் கையை விட்டுக்கொண்டு நிற்க அது ஆகாது. தின்னரும் அசிற்றோனும் மெல்லிய நைற்றைலை ஒருசில நிமிடத்துக்குள் கடந்துவிடும். கடந்தது தெரியாது, ஓட்டையும் இருக்காது. கையுறையின் பொருளுக்குள்ளாலேயே ஊறி மறுபக்கம் வருகிறது. விரல் குளிர்கிறதுபோல, கையுறை பெருத்துச் சுருங்கியதுபோல இருந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது. தின்னர் பட்டால் அந்த நிமிடமே கழற்றி, கை கழுவி, புதியது போடுங்கள். தூரிகைக்கு நீண்ட பிடி வைத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

இந்த ஊறல் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு இரசாயனவியலாளர் எல்லாரும் சொல்கிற ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெற்றர்ஹான் 1996 ஆகஸ்டில் லேற்றெக்ஸ் கையுறை போட்ட கையில் டைமெதில் மேக்கரி என்ற நச்சுப் பாதரசத் திரவத்தின் சில துளிகளைச் சிந்தினார். கையுறை கிழியவில்லை. 1997 ஜூனில் அவர் இறந்தார். பிறகு சோதித்தபோது அந்தத் திரவம் அவ்வகைக் கையுறையை விநாடிக் கணக்கில் கடந்தது தெரிந்தது. கராஜில் அந்தப் பொருள் இல்லை. கடக்கும் விதம் ஒன்றுதான்.

பற்றரிக்குத் தண்ணீர் விடும்போது நைற்றைல் தெறிப்பைத் தாங்கும். பற்றரியைத் திறந்து அமிலம் ஊற்றுகிற வேலைக்கு முழங்கை வரை வருகிற தடித்த கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும்.

சுழல்கிற எதற்கும் கிட்ட எந்தக் கையுறையும் வேண்டாம்: ட்றில், லேத், கிறைண்டர், அரிசி ஆலைப் பெல்ட். தொளதொளத்த விரல்நுனி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். வெல்டிங்குக்கும் இல்லை, நைற்றைல் தீப்பிடித்து உருகும்.

வயலுக்கு மருந்தடிக்க இந்தக் கையுறை காணுமோ?

காணாது. இந்தப் பக்கத்தில் மிக அழுத்திச் சொல்லவேண்டியது இதுதான், ஏனென்றால் காலபோகம் தொடங்கியவுடன் கிளிநொச்சிப் பக்கம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வியும் இதுதான்.

ஆபத்து அதிகம் ராங்கியைத் தோளில் போட்டு நடக்கும்போது இல்லை. போத்தலைத் திறந்து மூடியில் அளந்து ஊற்றும்போதுதான். அப்போது கையில் படுவது தண்ணீர் கலக்காத மருந்து. குழம்பாகக் கலக்கும் மருந்துகளில் சைலீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அவை மெல்லிய கையுறைக்குள்ளால் மருந்தையும் தங்களோடு உள்ளே கொண்டுபோகும். அளக்கவும் கலக்கவும் 0.4 முதல் 0.5 மில்லிமீற்றர் தடிப்பும் 30 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள நைற்றைல் வேண்டும், உள்ளே துணி ஒட்டாததாக. துணி மருந்தை உறிஞ்சி வைத்து நாள் முழுக்கத் தோலில் பிடிக்கும். ஐஎஸ்ஓ 18889 என்ற குறியுள்ள கையுறை கிடைத்தால் ஜி2 என்ற வகையைத் தெரிவுசெய்யுங்கள். ஜி1 கலக்காத மருந்துக்கானது அல்ல.

கீழ்நோக்கி அடிக்கும்போது சட்டைக்கை கையுறைக்கு மேலே வரட்டும். தோட்டத்தில் மாமரத்துக்கு அண்ணாந்து அடிக்கும்போது சட்டைக்கையை உள்ளே விட்டு, கையுறை விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிடுங்கள், வழிகிறது மடிப்பில் நிற்கும். முடிந்ததும் கையுறையோடேயே சவர்க்காரத்தில் கழுவி, பிறகு கழற்றி, வெறுங்கையை இன்னொருமுறை கழுவுங்கள். வெற்றிலை, பீடி, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகு. கழுவும் இடம் வாய்க்காலாகவோ கிணற்றடியாகவோ இருக்கக்கூடாது.

சேற்றில் களை பிடுங்குவதற்கும் ஒருதடவைக் கையுறை பயன்படாது, பத்து நிமிடத்தில் கிழியும். எலிக்காய்ச்சலுக்குப் பயந்தால் தடித்த றப்பர் கையுறையும் பூற்சும் போடுங்கள், கால் கையில் காயமிருந்தால் இறங்காதீர்கள், தடுப்பு மருந்தைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மீன்வாடியில் போட்டவுடனே கிழிகிறதே?

கிழியும். கெளிற்று முள்ளும் இறால் தலைமுள்ளும் நண்டுக்காலும் எந்த மெல்லிய கையுறையையும் துளைக்கும். உள்ளே வெட்டுத்தாங்கும் பின்னல் கையுறை, மேலே ஒரு சைஸ் பெரிய நைற்றைல் என்று இரண்டாகப் போடுங்கள். பின்னல் முள்ளைத் தடுக்கும், நைற்றைல் பின்னலை நனையாமல் வைத்திருக்கும். ஐஸுக்குள் கைவிடுபவருக்கும் இது உதவும். முள் குத்தினால் கையுறையைக் கழற்றிப் பார்த்துக் கழுவுங்கள். 'சின்னக் குத்துத்தானே' என்று மேலே வேலை செய்தால் கடல்நீர்க் கிருமி மூடிய ஈரத்துக்குள் நன்றாக வளரும். சலரோகம் உள்ளவர்களுக்குக் கை வீங்கிச் சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பால் கறக்கவும் மாட்டுக்குக் கன்று எடுக்கவும்?

கறப்பதற்கு நைற்றைல். கைவெடிப்புகளில் தங்கும் கிருமி ஒரு மாட்டிலிருந்து மற்றதுக்குப் போய் மடியழற்சி பரவுவதைக் குறைக்கும். மடியழற்சி உள்ள மாட்டைக் கடைசியாகக் கறந்து, அதோடு கையுறையை எறியுங்கள். கன்று எடுக்கும்போதும் நஞ்சுக்கொடி பிடிக்கும்போதும் தோள்வரை வருகிற பொலித்தீன் நீளக்கையுறை, அதன்மேல் நைற்றைல். கன்று சிதைந்து விழுந்திருந்தால் வெறுங்கையால் தொடவே வேண்டாம், புரூசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய் அப்படியும் மனிதருக்கு வருகிறது. வாயில் நுரைதள்ளுகிற, விழுங்கமுடியாத மாட்டின் வாய்க்குள் கையுறையோடும் கைவிடாதீர்கள். விசர் நோயாக இருக்கலாம். மிருக வைத்தியரை அழையுங்கள்.

சலூனில் டை பூச?

நைற்றைல், ஒவ்வொருவருக்கும் புதியது. டை பெட்டிக்குள் வருகிற பொலித்தீன் கையுறையை உதறித் திருப்பிப் போடுவதுதான் சலூன்காரரின் விரல் வெடிப்புக்கு ஒரு காரணம்.

சீமெந்து, ரீசீஎல் (குளோரின் தூள்)?

ஈரச் சீமெந்து கடும் காரம், அது கையுறைக்குள் புகுந்து நின்றால் தோலை எரிக்கும். மேசன் வேலைக்கு ஒருதடவைக் கையுறை இல்லை, தண்ணீர் புகாத தடித்தது வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்கு ரீசீஎல் கரைக்கும்போதும் தடித்த றப்பர் கையுறையே நல்லது. இல்லையென்றால் மட்டும் நைற்றைல்.

கை கடிக்கிறது, சிவக்கிறது. ஒவ்வாமையோ?

மூன்றில் ஒன்று. அநேகருக்கு வியர்வையும் கழுவாமல் விட்ட சவர்க்காரமும் தோலை உரிப்பது. கையைக் காயவைத்து, இரவில் கிறீம் பூசினால் ஆறும். இரண்டாவது, போட்டு ஒரு நாள் இரண்டு நாளுக்குப் பிறகு வருகிற அரிப்பும் கொப்புளமும். இது கையுறையை இறுக்கச் சேர்க்கும் இரசாயனங்களால் வருவது. நைற்றைலிலும் அவை உண்டு, ஆகவே லேற்றெக்ஸை மாற்றியும் நிற்காவிட்டால் ஆச்சரியப்படவேண்டாம்.

மூன்றாவதுதான் பயப்படவேண்டியது: லேற்றெக்ஸ் போட்டுச் சில நிமிடத்துக்குள் தடிப்பு, தும்மல், கண் வீக்கம், மூச்சு இழுப்பு. வாழைப்பழமும் பப்பாசியும் சாப்பிட்டால் வாய் கடிக்கிறவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள். அதன்பிறகு அவருக்கு மட்டுமல்ல, அந்த இடத்திலேயே லேற்றெக்ஸ் வேண்டாம். மாப்பூசிய லேற்றெக்ஸ் கையுறையின் மா, ஒவ்வாமைப் பொருளைக் காற்றில் பரப்பும். அமெரிக்கா மாப்பூசிய மருத்துவக் கையுறைகளை 2017 ஜனவரியிலிருந்து தடைசெய்ததற்கு அது ஒரு காரணம்.

எங்கே வைப்பது?

வெயிலும் வெக்கையும், வெல்டிங்கிலும் மோட்டார்ப் பொறியிலும் உண்டாகும் ஓசோன் வாயுவும் றப்பரைத் தின்னும். தகரக் கூரைக்குக் கீழான மேல்தட்டு, முச்சக்கரவண்டியின் முன்தட்டு, வெல்டிங் இடம், ஓடுகிற மோட்டார் பக்கம் எல்லாம் கூடாத இடங்கள். சுவரோரக் கீழ்த்தட்டில், பெட்டியோடேயே, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். முதலில் வந்த பெட்டி முதலில் போகட்டும். எடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டினால், மடிப்பில் வெடித்தால், மஞ்சளாகிப் பொடிந்தால் முழுப் பெட்டியையும் கழியுங்கள்.

எத்தனை பெட்டி வாங்குவது? போலியை எப்படிப் பிடிப்பது?

பெட்டியில் 100 என்றால் 100 கையுறை, 50 சோடி. நான்கு பேர் வேலை செய்யும் சாப்பாட்டுக்கடையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 தடவை மாற்றினால் 64 கையுறை. 26 நாளுக்கு 1664, அதாவது மாதம் 17 பெட்டி. அதையே, சமைத்த சாப்பாட்டைத் தொடும் இரண்டு பேருக்கு மட்டும் என்று வைத்து மற்றவர்களுக்கு இடுக்கியும் கை கழுவுதலும் என்றால் 9 பெட்டி. மேலே சொன்ன செலவுக்குறைப்பு இதுதான்.

2020, 2021இல் தாய்லாந்தில் பாவித்த கையுறைகளைக் கழுவிச் சாயம் போட்டுப் புதுப் பெட்டியில் அடைத்து விற்றது பிடிபட்டது. பெட்டியைத் திறந்ததும் கறை, வியர்வை மணம், ஒரே பெட்டிக்குள் நிற வேறுபாடு, உள்நோக்கித் திரும்பிய விரல்கள் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் தொகுதி எண் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

காசு யார் போடுவது?

வேலை கொடுப்பவர். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தீங்கான பொருள் படுகிற வேலைக்குத் தகுந்த பாதுகாப்பு உடையைக் கொடுக்கும் பொறுப்பை வேலைத்தள உரிமையாளரிடம் வைக்கிறது. கையுறையும் அதில் அடக்கம்.

பாவித்ததை எரிக்கலாமோ?

எரிக்காதீர்கள். வைனைல் எரிந்தால் ஐதரோகுளோரிக் அமிலப் புகை, நைற்றைல் எரிந்தால் சயனைட்டுப் புகை. வீதியோரம் எறிந்தால் மாடு தின்னும். உப்பும் எண்ணெயும் பட்ட கையுறை அதற்குத் தீனிபோலத்தான். மூடியுள்ள வாளியில் பையில் கட்டிப் பிரதேச சபை வண்டிக்குக் கொடுங்கள். இரத்தம் பட்டவை சிகிச்சை நிலையங்களில் மஞ்சள் பைக்குள். பீடைகொல்லி பட்டதை வீட்டுக் குப்பையோடு கலக்கவேண்டாம்.

வேலை நடுவே கையுறை கிழிந்து உள்ளே பட்டுவிட்டது. என்ன செய்வது?

இரண்டு கையுறையையும் கழற்றுங்கள், கிழிந்ததை மட்டுமல்ல. இரசாயனம் என்றால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம், மணிக்கூடு பார்த்து. மருந்தடித்தவருக்குத் தலைசுற்று, வாந்தி, வியர்வை, கண்மணி சுருங்குதல் தொடங்கினால் 1990க்கு அழைத்து, மருந்துப் போத்தலையோ லேபிளையோ கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஊசி குத்தினால் காயத்தைப் பிதுக்கவேண்டாம், பிளீச் ஊற்றவேண்டாம். சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவி, அன்றைக்கே மாவட்ட வைத்தியசாலைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும், முதல் சில மணித்தியாலத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. குத்திய நேரத்தையும் ஊசி யாருக்குப் பாவித்தது என்பதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.